சரயேவோவின் மிர்ஸா

ஒரே பெயருக்குள் நான்கு மொழிகள் குடியிருப்பதைக் காண்பது அரிது. மிர்ஸா டெலிபாஷிச் என்பது அத்தகையதொரு பெயர். அரபியில் ‘அமீர்’ என்றால் தலைவர். பார்ஸியில் ‘ஸாதா’ என்றால் பிறந்தவர். இரண்டும் கூடி ‘அமீர்ஸாதா’ ஆகிப் பின் நாவில் தேய்ந்து ‘மிர்ஸா’ ஆயிற்று. ‘டெலிபாஷி’ துருக்கியச் சொல். உதுமானியப் படையில் ‘டெலி’ எனப்பட்ட துணிச்சல் மிகுந்த குதிரை வீரர்களின் தலைவனுக்கு அப்பெயர் வழங்கிற்று. ‘டெலி’ என்பதன் நேர்ப்பொருள் பித்தன். உயிரைப் பொருட்படுத்தாமல் பாய்கிறவனைப் பித்தன் என்றே அழைத்தனர் போலும்! ஈற்றில் ஒட்டி நிற்கும் ‘இச்’ ஸ்லாவிய மொழிகளுக்குரியது. இன்னார் வழிவந்தவர் என்பதைக் குறிப்பது. குதிரையோடு தொடர்புடைய ‘ராவுத்தர்’ என்னும் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வரும் நம் குடும்பத்தார்க்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

இப்பெயருக்குரியவர் ஓர் அறிஞரோ கவிஞரோ அல்லர். கூடைப்பந்தாட்டக்காரர். போஸ்னியாவில் பிறந்து, ஸ்பெயினிலும் இத்தாலியிலும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து, நாற்பத்தேழாம் வயதில் மறைந்தவர்.

மத்ரஸாவில் ஓதி, மத்ரஸாவிலேயே ஓதிக்கொடுத்து வருகிற ஒருவர் பந்தாட்டக்காரரைப் பற்றி எழுதலாமா என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நாம் பாடமாக நடத்தியவர்கள்தாமே? அது போதும். மேலும், இங்கு நாம் சொல்ல வந்தது பந்தைப் பற்றி மட்டுமன்று.

ஆட்டத்தை அறியாத தாய்மார்களும் இப்பக்கங்களைப் படிக்கின்றனர் ஆதலால் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், குளிர்காலத்தில் மாணவர்களுக்கு மூடிய கூடத்துக்குள் ஏதேனும் ஆட்டம் வேண்டுமே என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் யோசித்தார். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பந்தை அவற்றுள் போட வேண்டும், அவ்வளவே. கூடை போய் வளையம் வந்துவிட்டது. பத்தடி உயரம் மட்டும் இன்றும் மாறவில்லை. ஆசிரியர் ஒருவரின் மூளையில் பிறந்த ஆட்டம் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஒரு பக்கத்துக்கு ஐவர். பந்தை வைத்துக்கொண்டு நடக்கலாகாது. தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம், அல்லது இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இந்தக் கொடுத்தலை ஆட்டக்காரர்கள் ‘பாஸ்’ என்பர். வளையத்தில் விழுந்த பந்து புள்ளியாக எழுதப்படுகிறது. விழுமாறு கொடுத்த கை பல வேளைகளில் எழுதப்படுவதில்லை. மிர்ஸாவின் வாழ்வை நாம் விரும்பிப் படித்ததற்கு இதுவே முதற்காரணம்.

அவர் பிறந்தது 1954 ஜனவரி 9ஆம் நாள், துஸ்லா என்னும் ஊரில். ‘துஸ்’ என்றால் துருக்கியில் உப்பு. உப்பு விளையும் ஊருக்கு உப்பின் பெயரே நிலைத்தது. சிறுவயதில் டென்னிஸ் ஆடியவர். அந்த ஆட்டத்தில் கொடுப்பதற்கு யாருமில்லை. எதிரே நிற்பவரிடமிருந்து பறிப்பதே வேலை. பிறகு கூடைப்பந்துக்கு வந்து, உள்ளூரின் ‘ஸ்லோபோதா’ சங்கத்தில் சேர்ந்தார். உயரம் ஏறத்தாழ ஆறரை அடி. கூடைப்பந்துக்கு இது பெரிய உயரமன்று. ஒல்லியான உடல்வாகு வேறு. ஆகவே பலத்தால் ஆடும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது. பார்வையாலும் விரல்களாலும் ஆடக் கற்றார்.

1972இல், பதினெட்டாம் வயதில், அவர் சரயேவோ நகரின் ‘போஸ்னா’ சங்கத்துக்குச் சென்றார். 1951இல் பல்கலைக்கழக மாணவர்களின் விளையாட்டுக் கழகமாகத் தோன்றிய சங்கம் அது. அப்போதுதான் இரண்டாம் நிலையிலிருந்து யூகோஸ்லாவியாவின் முதல் நிலைக்கு ஏறியிருந்தது. கோப்பை வைக்கும் அலமாரி வெறுமையாய்க் கிடந்தது. பயிற்சியாளர் போக்தான் தான்யெவிச் என்பவரோ இருபத்தைந்து வயது இளைஞர். ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஏழாண்டுகளே வயது வேறுபாடு. இத்தகைய பள்ளிக்கூடங்களை நாம் பார்த்திருக்கிறோம். கூரையும் நாற்காலியும் சரியாய் இராது. ஆனால் அங்கு ஓதியவர்கள் பிற்காலத்தில் ஊர்ஊராய் விளங்குவார்கள்.

அந்த அணியின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு நாம் நெடுநேரம் இருந்தோம். தான்யெவிச் மொந்தெநேக்ரோ நாட்டின் ப்ளெவ்லியாவிற் பிறந்தவர். ஷார்கோ வராயிச் அந்நாட்டிலேயே நிக்ஷிச் என்னும் ஊரிலிருந்து வந்தவர். ராத்கோ ராதோவனோவிச் ஹெர்ஸகொவினாவின் நெவெஸின்யேக்காரர். ஸ்வெதிஸ்லாவ் பெஷிச் செர்பியாவிலிருந்து வந்து சேர்ந்தவர். ஸாபித் ஹாஜிச் சரயேவோவின் மைந்தர். அவர் பெயரை நம்மவர் உடனே படித்துவிடுவர்: ‘ஸாபித்’ என்றால் உறுதியானவர், ‘ஹாஜிச்’ என்றால் ஹாஜியார் வழிவந்தவர். இவர்கள் ஒரே சட்டை அணிந்து, ஸ்கெந்தேரியா அரங்கில் ஆடினர். ‘ஸ்கெந்தேரியா’ என்பதும் இஸ்கந்தர் பாஷா என்பவர் பெயரால் வந்த பெயரே. யார் யார் எந்த வணக்கத் தலத்துக்குச் செல்பவர் என்று அன்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை. பிற்காலத்தில் எடுத்தார்கள். அதைப் பின்னர்ச் சொல்வோம்.

1978இல் போஸ்னா முதன்முறையாக யூகோஸ்லாவியாவின் வெற்றிச் சங்கமாயிற்று. அதே ஆண்டில் கோராச் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பான்யாலூகா நகரில், பெல்கிரேடின் பார்ட்டிஸான் சங்கத்திடம் கூடுதல் நேரம் வரை போராடித் தோற்றது. உள்நாட்டு வெற்றியின் பயனாக, மறு பருவத்தில் ஐரோப்பிய வெற்றிச் சங்கங்களின் கோப்பைக்கு ஆடும் தகுதி கிட்டியது.

1979 ஏப்ரல் 5. பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரம். எதிரே நின்றது இத்தாலியின் வரேசே. அச்சங்கத்தின் பெருமையை ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: 1970 தொடங்கி ஆண்டு தவறாமல் பத்து இறுதி ஆட்டங்களைக் கண்டது. அவற்றுள் ஐந்தில் ஏற்கெனவே கோப்பையை வென்றிருந்தது. அதற்கு எதிரே ஏழாண்டுகளுக்கு முன் இரண்டாம் நிலையில் கிடந்த மாணவர் சங்கம்.

போஸ்னா 96, வரேசே 93. ஐரோப்பாவின் அந்தத் தலைமைக் கோப்பை யூகோஸ்லாவியச் சங்கம் ஒன்றின் கைக்கு வந்தது அதுவே முதன்முறை.

வராயிச் மட்டும் 45 புள்ளிகள் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் ஒருவர் எடுத்த புள்ளிகளில் அதுவே உச்சம். மிர்ஸா 30 எடுத்தார். பாகப்பிரிவினைக் கணக்குப் போட்டுப் பழகிய கை சும்மா இராது. நாமும் கூட்டிப் பார்த்தோம். இருவருக்குமாக 75. எஞ்சிய தோழர் அனைவருக்கும் சேர்த்து 21. இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். இன்று தொலைவிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி. அந்த விதி ஐரோப்பிய ஆட்டங்களுக்கு 1984இல்தான் வந்தது. கிரெனோபிளில் எவ்வளவு தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டே.

நமக்குக் கிடைத்த கணக்கில் புள்ளிகள் மட்டுமே உள்ளன. வராயிச்சின் நாற்பத்தைந்தில் எத்தனை மிர்ஸாவின் கையிலிருந்து புறப்பட்டவை என்பதை அக்கணக்கு சொல்லவில்லை. தம் மகனைப் போல் நாம் வளர்த்த தம்பி மகன், பள்ளி அணியில் ஆடுகிறவன், அந்த ஆட்டத்தின் தேய்ந்துபோன படத்தைத் தன் கைப்பேசியில் நமக்குக் காட்டினான். “பெரியத்தா, பந்தைப் பார்க்காதீங்க, அவரு கண்ணைப் பாருங்க” என்றான். பார்த்தோம். எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கையில் இவர் மட்டும் நடப்பது போலிருந்தது. பந்து கைக்கு வருமுன்னரே அது எங்கே போகவேண்டும் என்பது முடிவாகியிருந்தது போலும். கண் ஒருபுறம், பந்து மறுபுறம். வாங்கியவர் துள்ளிக் குதிக்கிறார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்குகிறது. கொடுத்தவர் அதற்குள் திரும்பித் தம் இடத்துக்குப் போய்விடுகிறார்.

இதனால் மிர்ஸாவுக்கு எறியத் தெரியாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 30 புள்ளிகள் யாரும் தானமாய்த் தந்தவை அல்ல. நாட்டு அணியிலும் அவர் கை ஓங்கியே இருந்தது. கிச்சானோவிச், டலிபாகிச், சோசிச் முதலிய பேராற்றலாளர்களோடு நின்று ஆடினார். 1975, 1977 ஆண்டுகளில் ஐரோப்பிய வெற்றி. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்காவிடம் தோற்று வெள்ளிப் பதக்கம். 1978இல் மணிலா நகரில், கூடுதல் நேரத்தில், சோவியத் அணியை ஒரே புள்ளி வேறுபாட்டில் 82–81 என வென்று உலக வெற்றி. 1980இல் மாஸ்கோவில் இத்தாலியை 86–77 என வென்று ஒலிம்பிக் தங்கம். ஒருவர் தம் இருபத்தாறாம் வயதுக்குள் இவ்வளவையும் பெற்றுவிட்டார். பதக்கப் பட்டியல் நீளமானது. படிக்கச் சலிப்புத் தருவது. இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

இவ்வளவும் ஆடியது, பெயரளவிலேனும், தொழில்முறை அல்லாத ஆட்டக்காரராக. ஊதியத்துக்கென ஆடுவோரை உலகக் கூடைப்பந்துப் பேரவை 1989 வரை ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. சோஷலிச நாடுகளின் வீரர்களோ மாணவர் என்றும் அலுவலர் என்றும் எழுதப்பட்டு ஆடி வந்தனர். மிர்ஸா வெளிநாடு சென்று, வெளிப்படையாய்த் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனது 1981இல். மாட்ரிட் நகரின் ரியால் சங்கம் அவரை அழைத்துக்கொண்டது. கால்பந்தால் உலகப் புகழ் பெற்ற சங்கம் அது, கூடைப்பந்திலும் சளைத்ததன்று. 1982இல் ஸ்பெயினின் வெற்றிச் சங்கமாக அது விளங்கியபோது அந்த அணியில் மிர்ஸாவும் இருந்தார். இரண்டே பருவங்கள்தாம் அவர் அங்கு ஆடினார். ஆயினும் மாட்ரிட் மக்கள் அவரை மறக்கவில்லை. எண்ணூறாண்டு அரபுமொழி புழங்கிய ஸ்பெயினில், ‘மிர்ஸா’ என்னும் பெயரை ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் அழைத்திருப்பர் என்று நினைக்கையில் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1983இல் இத்தாலியின் கஸெர்த்தா. அங்குப் பயிற்சியாளராயிருந்தவர் வேறு யாருமல்லர். சரயேவோவின் பழைய தான்யெவிச். உஸ்தாது அழைத்தார், மாணவர் போனார். பருவம் சூடுபிடிப்பதற்கு முன்னரே மிர்ஸாவின் மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தார். ஆட்டம் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

இந்த இடத்தில் நாம் நம் கதையைச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நம் தொண்டையில் ஒரு சிறு கட்டி கண்டது. மருத்துவர் அதை நீக்கினார். பெரிய தீங்கு ஒன்றுமில்லை என்றார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மூன்று மாதம் வாய் திறக்கலாகாது, அதன் பிறகும் குரலெடுத்துப் பாடம் நடத்தலாகாது என்று சொல்லிவிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் நாம் செய்துவந்த தொழில் குரலெடுப்பதொன்றே. ‘ளரப, யள்ரிபு’ என்று நாம் ஓத, முப்பது பிள்ளைகள் திருப்பி ஓத, அந்த ஓசையில்தான் நம் காலைப்பொழுதுகள் விடிந்தன. அந்த மூன்று மாதங்களில் வீட்டார் கேட்டதற்கெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டினோம். நம் துணைவியார் முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் அழுதார். மூன்றாம் வாரம் சிலேட்டைத் துடைத்துத் துடைத்துத் தந்தார். நம் வகுப்பை நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். நாம் தாழ்வாரத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். அவர் நாம் மூச்சு விடும் இடத்திலேயே மூச்சு விட்டார். நாம் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தினார். முதல்நாள் அதைக் கேட்டபோது எழுந்து போய்விட்டோம். நம் உயிரோடிருக்கையிலேயே நம் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கும் மனப்பக்குவம் அன்று நமக்கு வாய்க்கவில்லை. மறுநாள் மீண்டும் சென்று அமர்ந்தோம்.

அந்நாள்களில்தான் தம்பி மகன் கைப்பேசியோடு பக்கத்தில் வந்து அமர்ந்தான். பேச முடியாத பெரியத்தாவுக்கு அவன் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அந்த ஆட்டப் படங்கள். ஐம்பது கடந்து குரல் குறைந்த நம்மையும், இருபத்தொன்பதில் அனைத்தும் இழந்த அவரையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. எனினும் அவர் பிறகு என்ன செய்தார் என்பதை அறியும் ஆவல் அப்போது எழுந்தது. புகழோடு ஆடியவர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆட்டம் முடிந்ததும் எழுதுகோலை மூடிவிடுகின்றனர். நமக்கு வேண்டியிருந்ததோ அதற்குப் பிந்திய பக்கங்கள்.

மிர்ஸா சரயேவோவுக்குத் திரும்பினார். அங்கேயே வாழ்ந்தார். 1984இல் அந்நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது; உலகமே வந்து போயிற்று. எட்டாண்டுகள் கழித்து, 1992 ஏப்ரலில், சுற்றியுள்ள மலைகளில் பீரங்கிகள் ஏறின. 1,425 நாள்கள் நீடித்த முற்றுகை. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்தது. தெருவைக் கடப்போரை ஒளிந்திருந்து சுட்டனர். முற்றுகை தொடங்கி இருபதாண்டு நிறைந்த நாளில், 2012 ஏப்ரல் 6இல், அந்நகரின் பெருந்தெருவில் சிவப்பு நாற்காலிகளை வரிசையாய்ப் போட்டார்கள். இறந்தோர் தலைக்கு ஒன்றாக 11,541 நாற்காலிகள். சிறுவர்களுக்கெனச் சிறிய நாற்காலிகளும் அவற்றுள் இருந்தன. மண்ணறைக்கு இடம் போதாமல், ஒலிம்பிக் நடந்த ஸெத்ரா அரங்கின் பக்கத்து மைதானத்தையும் கப்ருஸ்தானாக்கினர்.

கற்றோர் மனம் பொறுக்காத இன்னொரு செய்தியும் உண்டு. 1992 மே 17இல் சரயேவோவின் கீழ்த்திசைக் கலைக்கழகம் குண்டுகளால் எரிந்தது. அரபி, பார்ஸி, துருக்கி, போஸ்னிய மொழிகளின் கையெழுத்துச் சுவடிகள் ஐயாயிரத்துக்கு மேல் சாம்பலாயின. போஸ்னிய மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் அங்கு உண்டு; ‘அரெபிட்ஸா’ என்பர். தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழில் மாலையும் கிஸ்ஸாவும் ஓதி வளர்ந்த நமக்கு, அந்தச் சுவடிகளின் பக்கங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் தேசிய நூலகமும் எரிந்தது.

மிர்ஸாவுக்கு வெளியேற வழி இல்லாமலில்லை. மாட்ரிட்டில் அவரை நேசித்தோர் இருந்தனர். இத்தாலியில் தான்யெவிச் இருந்தார். ஒருமுறை மரணத்தைத் தொட்டு மீண்ட உடம்பு. மருந்தும் மின்சாரமும் அற்ற நகரில் அதற்கு என்ன பாதுகாப்பு? அவர் சரயேவோவிலேயே இருந்தார். ஏன் என்று நாம் விளக்கப் புகவில்லை. வீட்டை விட்டுப் போனவர்களைக் குறைத்துச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை. பிள்ளைகுட்டிகளைக் காக்கப் போனவர்கள் அவர்கள். ஆயினும் தங்கியவர் ஒருவரின் முகம் தெருவில் தென்படுவது மற்றவர்களுக்கு எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும்!

1993 கோடையில் ஜெர்மனியில் ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டி. போஸ்னியா–ஹெர்ஸகொவினா என்னும் புதிய நாட்டின் பெயரில் முதன்முறையாக ஓர் அணி. அதன் பயிற்சியாளர் மிர்ஸா டெலிபாஷிச். முற்றுகைக்குள்ளிருந்த ஆட்டக்காரர்கள் வெளியே வருவது எப்படி? நகரின் விமான நிலையம் ஐக்கிய நாடுகள் படையின் வசம் இருந்தது. ஓடுதளத்தை இரவில் ஓடிக் கடந்தால் மறுபக்கம் போகலாம். காவலர் ஒளிவிளக்கைத் திருப்பினால் அந்த வெளிச்சத்தில் இரு புறத்திலிருந்தும் சுடுவார்கள். அடியில் தோண்டிய சுரங்கம் அப்போது முடிந்திருக்கவில்லை. அது ஜூலை இறுதியில்தான் திறந்தது. ஆகவே அந்த உயரமான மனிதர்கள் இருட்டில் குனிந்து ஓடினார்கள். கூடைப்பந்தில் உயரம் ஒரு பேறு. அந்த ஓடுதளத்தில் அது பேறாய் இருந்திராது.

அணி தகுதிப் போட்டியைக் கடந்தது. பிறகு ஜெர்மனியில் ஐரோப்பாவின் பதினாறு அணிகளுள் எட்டாவதாக வந்தது. பட்டியலில் எட்டு என்பது சிறிய எண். பயிற்சிக்கு அரங்கும் வயிற்றுக்கு உணவும் இல்லாத ஊரிலிருந்து போனவர்களுக்கு அது எத்தனை பெரிய எண் என்பதைப் பட்டியல் சொல்லாது.

அப்போட்டியின் தங்கம் ஜெர்மனிக்கு. ஜூலை 4இல் மூனிக் நகரில் ரஷியாவை 71–70 என வென்றது. ஜெர்மனி அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஸ்வெதிஸ்லாவ் பெஷிச். ஆம், கிரெனோபிளில் மிர்ஸாவோடு ஒரே சட்டை அணிந்து நின்ற அதே பெஷிச்! பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே கோப்பையைத் தூக்கிய இருவர் அந்தக் கோடையில் ஒரே நாட்டில் இரு அணிகளின் ஓரத்தில் நின்றார்கள். ஒருவருக்குப் பின்னே செழித்த நாடு. மற்றவருக்குப் பின்னே எரிகிற ஊர். அவர்கள் சந்தித்துக்கொண்டபோது என்ன பேசியிருப்பர் என்று கற்பனை செய்து எழுத நாம் கதாசிரியர் அல்லோம். ஆனால் அந்த ஒற்றைக் கேள்வி பல நாள் நம்மைத் தூங்கவிடவில்லை.

பெஷிச் அதன் பின்னும் யூகோஸ்லாவியாவுக்கு 2001இல் ஐரோப்பியத் தங்கமும் 2002இல் உலகத் தங்கமும் பெற்றுத் தந்தார். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் செர்பியாவுக்கு வெண்கலமும் வந்தது. தான்யெவிச் 1999இல் இத்தாலியை ஐரோப்பிய வெற்றிக்கும், 2010இல் துருக்கியை உலகப் போட்டியின் வெள்ளிக்கும் அழைத்துச் சென்றார். வெறும் அலமாரியோடு தொடங்கிய அந்தச் சரயேவோப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள்! மிர்ஸாவின் உடல் அவ்வளவு காலம் இடம் தரவில்லை. 2001 டிசம்பர் 8இல் சரயேவோவில் அவர் மறைந்தார். ஹிஜ்ரி 1422, ரமளானின் கடைசிப் பத்து நாள்கள் அவை. அல்லாஹ் அவர் மண்ணறையை ஒளியாக்குவானாக.

2007இல் உலகக் கூடைப்பந்துப் பேரவை தன் பெருமைக்குரியோர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. ஸ்கெந்தேரியா அரங்குக்கும் அவர் பெயரையே இட்டிருக்கின்றனர். வராயிச் 2019 டிசம்பரில் காலமானார். கிரெனோபிளில் கொடுத்த கையும் இல்லை. வாங்கிய கையும் இல்லை.

நம் குரல் ஓரளவு திரும்பியிருக்கிறது. இப்போது பெரிய வகுப்பு நடத்துவதில்லை. நான்கைந்து பேரை அருகில் அமர்த்தித் தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுக்கிறோம். நம் இடத்தில் நிற்கும் இளைஞர் சந்தேகம் வந்தால் தாழ்வாரத்துக்கு வந்து கேட்கிறார். சொன்னதைக் கொண்டுபோய் உள்ளே உரக்கச் சொல்கிறார். தம்பி மகனோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, கிரெனோபிள் ஆட்டத்தில் மிர்ஸா கொடுத்துப் புள்ளியான பந்துகளை ஒவ்வொன்றாகக் குறித்து வருகிறான். சில இடங்களில் படம் தெளிவாயில்லை. நிறுத்தி, திருப்பி, நம்மையும் பக்கத்தில் இருத்தி, “இது அவரு கையா, இல்லையா? பார்த்துச் சொல்லுங்க பெரியத்தா” என்கிறான். முதற்பாதி முடிந்திருக்கிறது.